வாய் வழியே சேராத சத்து

என் கணவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்தார். வழுக்கி விழவில்லை. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டுக் குளியலறை மிகச் சின்னது. முழுதாக விழ இடமில்லாததால் சுவரில் மோதி, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் முழங்கை சிராய்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ண மூடினேன். எங்க நிக்கிறேன்னே தெரியல."

நான் துண்டை நனைத்து அவர் கண்ணிலிருந்த சோப்பைத் துடைத்தேன். சிராய்ப்பில் லேசாக ரத்தம். இரண்டு பேர் மனதிலும் ஒரே நினைப்புதான்: அது திரும்ப வந்துவிட்டது.

'அது' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். பெயர் சொல்வதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அவர் துறைமுகப் பக்கம் ரயில்வே சரக்குப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர். நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள். சாப்பிட்டது எதுவும் அவர் வயிற்றில் தங்காமல் போனபோது முதலில் கேஸ் என்றுதான் மருந்து வாங்கினோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். வயிறு முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

"வயிறே இல்லாம மனுசன் எப்படி டாக்டர் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். அந்த அறுவை மருத்துவர் கட்டில் விரிப்பின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். குடலை மேலே இழுத்து உணவுக்குழாயோடு தைத்துவிடுவோம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றார். சொன்னபடியே நடந்தது. நல்ல நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம், வேறெங்கும் பரவவில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாதம் ஒருமுறை பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் தெரு முனையில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். ரோஜா சிராப் தண்ணீர் போலச் சிவப்பாக இருக்கும் அந்த மருந்து. "சத்து ஊசி" என்பார். நாங்களும் சத்து ஊசி என்றே சொன்னோம். ஆபரேஷன் ஆன உடம்பு, தெம்புக்காகப் போடுகிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஓரிரு வருடங்கள் அப்படிப் போயிற்று. அவருக்குச் சதை பிடித்தது. பாசார் சந்தையிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். அந்தச் சமயத்தில்தான் கிள்ளான் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வெளிநாட்டிலிருந்த மகனோடு போய்ச் சேர்ந்தார். இவருக்கும் செந்தூல் ரயில்வே பட்டறைக்கு மாற்றல் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் குவாட்டர்ஸ் கிடைத்தது. எனக்கும் கோலாலம்பூரிலேயே ஒரு பள்ளி கிடைத்தது. வீடு மாறிய சந்தடியில் ஊசியின் நினைவு வந்தபோது, "தெம்புதான் வந்துடுச்சே, இனி எதுக்கு?" என்றார் அவர். சரியாகத்தான் பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வருடா வருடம் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு புது டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, எடை பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடிவருவதில்தான் எங்களுக்கு அவசரம்.

அதற்குப் பதிலாக எங்கள் கவனமெல்லாம் சாப்பாட்டில் இருந்தது.

அவருடைய அக்கா கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அவர்தான். சாப்பாட்டால் வந்த நோய், அதைச் சாப்பாட்டால்தான் தடுக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறிப் பஸ் ஏறி, முருங்கைக்கீரையும் பசலையும் கட்டுக் கட்டாகக் கொண்டு வருவார். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டுக்கறியை ஒழித்தவர் அவர். கருவாட்டையும் ஊறுகாயையும் ஒழித்தவரும் அவரே.

"கறியிலதான் அது வளரும். யாரு சொன்னாலும் குடுக்காத," என்று எனக்கு உத்தரவு.

பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தி நேர் எதிராகச் சொன்னாள். புரதம் இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட உடம்பு எப்படித் தேறும்? கறி வேண்டாமென்றால் அமினோ ஆசிட் பவுடர் கொடு, அது செரித்த புரதம் மாதிரி, வயிறு இல்லாதவருக்கு அதுதான் நல்லது என்று ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். அவள் வீட்டுக்காரர் அந்த வியாபாரத்தில் இருந்தார். நான் பாலில் அந்தப் பவுடரைக் கலக்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்துவிட்டார்.

"என்னது இது?"

"அமினோ ஆசிட், அக்கா. உடம்புக்கு நல்லது."

"ஆசிட்டா?" அவர் கையிலிருந்த கீரைக்கட்டு கீழே விழுந்தது. "ஆசிட்டையா குடுக்கிற? நான் ரப்பர் தோட்டத்தில பால் உறைய வைக்க ஆசிட் ஊத்தினவ. ஒரு சொட்டு கையில பட்டா தோலு வெந்து போகும். வயிறே இல்லாதவனுக்கு ஆசிட் கலக்கிக் குடுக்கிறியே!"

"இது அந்த ஆசிட் இல்ல அக்கா. பருப்பு, மீனு எல்லாத்திலயும் இருக்கிறதுதான்."

"பருப்புல இருந்தா பருப்பையே குடு லா!"

என் கணவர் சிரித்துக்கொண்டே அந்த டம்ளரை வாங்கிக் குடித்தார். பிறகு அக்கா திருப்திக்காகப் பருப்புத் தண்ணீரும் குடித்தார். இப்படி எல்லோருக்காகவும் எல்லாவற்றையும் விழுங்கினார். ஆரஞ்சு நிற வைட்டமின் சி, எண்ணெய் நிறைந்த மஞ்சள் குளிகை, எல்லாச் சத்தும் சேர்ந்தது என்று ஒரு பெரிய மாத்திரை, காலையில் கேரட் சாறு. யாராவது ஒரு பத்திரிகையில் எதையாவது படித்துவிட்டு வந்தால் அலமாரியில் இன்னொரு பாட்டில் சேரும். அத்தனையும் பயத்துக்கு நாங்கள் வாங்கிய மருந்து என்பது இப்போது தெரிகிறது. அப்போது அவை இருந்ததால்தான் எனக்குத் தைரியமாக இருந்தது.

கோலாலம்பூருக்கு வந்து நான்காம் வருடமோ என்னவோ, கால் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றார். பட்டறையில் நின்று நின்று வேலை பார்க்கிறவர், தைலம் தேய்த்தேன். பிறகு பஞ்சுமேல் நடப்பது போலிருக்கிறது என்றார். செருப்பு காலிலிருந்து கழன்று போனதுகூடத் தெரியாமல் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். நாக்கு சிவந்து வழவழப்பாகி, ரசம் பட்டால் எரிகிறது என்று வெறும் தயிர்ச்சோறு கேட்டார். முகம் வெளிறி, அதில் ஒரு மஞ்சள் சாயல் தட்டியது. கோபமே வராத மனிதர், ரேடியோ சத்தத்துக்காக மகளைத் திட்டினார். செந்தூலில் இறங்க மறந்து பஸ்ஸிலேயே கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்திருந்தார்.

"நட்டு எடுத்தா கையில இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு," என்றார் ஒருநாள். பிட்டருக்கு விரல்தானே எல்லாம்.

பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான் பவுடரை இரண்டு வேளையாக்கினேன். கீரையைக் கூட்டினேன். அவர் இளைத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"ஏங்க, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"நான் சாப்பிடறது எனக்குப் போகுதா, அதுக்குப் போகுதா?" என்றார்.

இத்தனை நாள் நான் ஊட்டியதெல்லாம் அவருக்குள் இருக்கிற எதிரிக்குத்தானா என்று நினைத்தபடியே தட்டை எடுத்து மூடி வைத்தேன். அன்று முதல் கொடுக்கவும் பயம், கொடுக்காமலிருக்கவும் பயம்.

அவர் எனக்குச் சில வேலைகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பியூஸ் கட்டையில் கம்பி மாற்றுவது எப்படி, கேஸ் சிலிண்டர்த் தோம்பின் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது எப்படி. எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்ல மாணவி போலக் கவனித்துக் கற்றுக்கொண்டேன்.

அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். கேரித் தீவுக்குப் போனோம். எப்போதும் எங்கள் வீட்டுக்குக் கீரையோடு வருகிறவர், அன்று அவர் வீட்டில் ஆட்டுக்கறி குழம்பு வைத்திருந்தார். தம்பிக்குச் சின்ன வயதில் பிடித்த மாதிரி, மிளகு தூக்கலாக. வாசலில் கால் வைக்கும்போதே மணம் வந்தது. "சாப்பிடு தம்பி, ஒண்ணும் ஆகாது," என்று அவரே பரிமாறினார். நாக்கு எரிய எரிய இரண்டு துண்டு சாப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் செம்பனை வரிசைகள் கடந்துகொண்டே இருந்தன. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "அக்கா கறி ஆக்கிப் போடுது. அக்காவுக்கும் தெரிஞ்சு போச்சு."

அதற்கு அடுத்த வாரம்தான் குளியலறையில் விழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடியும் தொண்டை வழியே குழாய், மறுபடியும் ஸ்கேன். தைத்த இடம் சுத்தமாக இருக்கிறது, கல்லீரலிலும் ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, அப்படியானால் மூளைக்குப் போயிருக்கும், அதனால்தான் மறதி, அதனால்தான் தள்ளாட்டம் என்று எண்ணிக்கொண்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். நாத்தனார் வராந்தாவில் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஓர் இளம் டாக்டர் வந்தாள். தமிழ்ப் பெண். வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது, வெள்ளைக் கோட்டு இன்னும் விறைப்பாக இருந்தது. வந்ததும் வயிற்றை அமுக்கவில்லை. போர்வையை விலக்கிக் கால் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அங்கிள், கண்ண மூடிக்குங்க. பெருவிரலை நான் அசைக்கிறேன். மேலயா கீழயா, சொல்லுங்க."

"மேல."

அவள் கீழே அழுத்தியிருந்தாள்.

"இப்ப?"

"அசைக்கவே இல்லையே."

அசைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பையிலிருந்து இரண்டு பல் முள்கரண்டி மாதிரி ஓர் இரும்பை எடுத்தாள். தன் முழங்கையில் தட்டியதும் அது ரீங்கரித்தது. அதன் காம்பை அவர் மார்பெலும்பில் வைத்தபோது "அதிருது" என்றார். கணுக்காலில் வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை என்றார். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆன்டி, அங்கிளுக்கு ஊசி எங்க போடுறீங்க?"

"எந்த ஊசி?"

"வயிறு எடுத்தவங்க மாசாமாசம் போடுவாங்களே. சிவப்பா இருக்கும்."

"சத்து ஊசியா? அது கிள்ளான்ல இருந்தப்பப் போட்டோம். உடம்பு தேறிடுச்சுன்னு நிறுத்தியாச்சு."

"நிறுத்தி எவ்ளோ நாளாச்சு?"

"நாலு வருசம் இருக்கும்."

அவள் அந்த இரும்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தாள். "அது சும்மா தெம்புக்குப் போடற ஊசி இல்ல ஆன்டி," என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வைட்டமின் பி பன்னிரண்டு என்று ஒரு சத்து. கறி, மீன், முட்டை, பாலில் இருக்கிறது. ரத்தம் ஊறவும் நரம்பு நல்லபடியாக இருக்கவும் அது வேண்டும். அதைச் சாப்பாட்டிலிருந்து பிடித்து உடம்புக்குள் அனுப்ப வயிற்றில் சுரக்கிற ஒரு பொருள் வேண்டும். வயிறே இல்லாதவருக்கு அந்தப் பொருள் கிடையாது. அதனால் எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் அந்தச் சத்து சேராமல் போய்விடும். ஊசியால் ஏற்றியது கல்லீரலில் சேமிப்பாக இருந்திருக்கிறது. அது தீரத் தீரத்தான் காலும் நாக்கும் நினைவும் இப்படி ஆகியிருக்கின்றன.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்லுவேன். ஆனா எனக்கு இது கேன்சர் மாதிரி தெரியல," என்றாள்.

நான் கைப்பையைத் திறந்து உள்ளேயிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் எடுத்து வைத்தேன். "இவ்ளோ வைட்டமின் குடுத்தேனே டாக்டர்."

அவள் ஒரு பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். "இதெல்லாம் வாய் வழியாப் போறது ஆன்டி. இவருக்கு வேண்டிய அந்தச் சத்து இதுல இருந்தாலும் சேராது. இன்னொண்ணு, இந்த மாத்திரையில போலிக் ஆசிட் இருக்கு. அது ரத்தத்தை ஓரளவு தூக்கிப் பிடிச்சிருக்கு. அதனாலதான் ரத்தம் ரொம்பக் குறையல, யாருக்கும் சந்தேகமும் வரல. நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே வந்திருக்கு."

வராந்தாவிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றிருந்த நாத்தனார், "பாத்தியா, ஆசிட்டு!" என்றார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. என் கணவர்தான் முதலில் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன். அந்த டாக்டர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவளும் சிரித்தாள்.

ரத்தப் பரிசோதனை அவள் சொன்னதை உறுதி செய்தது. அந்தச் சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று பெரிய டாக்டரும் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் கேன்டீனுக்குப் போனேன். நாசி லெமாக் சோறு வாங்கினேன், அது போதாமல் இரண்டு ரோட்டி சனாய் வாங்கினேன், தே தாரிக் டீயும் குடித்தேன். அத்தனை பசி எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. சாப்பிடும்போதே கண்ணில் நீர் வழிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா சம்பல் காரம் என்று நினைத்துத் தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. சில நாட்களிலேயே எழுந்து உட்கார்ந்து, மகளைக் கூட்டிவரச் சொன்னார். நாக்கு ஆறியது. "ரசம் வச்சுக் கொண்டா, நல்லா உறைப்பா," என்றார். மறதி விலகியது. பட்டறை நண்பர்கள் பார்க்க வந்தபோது ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கால்தான் மெதுவாக வந்தது. சுவரைப் பிடித்து நடந்து, பிறகு என் தோளைப் பிடித்து நடந்து, பிறகு தனியாகக் கோயில்வரை போய்வந்தார். இடது கால் விரல்களில் மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. பட்டறையில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் மாதாந்திர ஊசிக்கு நாத்தனாரும் கூட வந்தார். வேண்டுமென்றே அந்த இளம் டாக்டரைத் தேடிப்பிடித்து நிறுத்தினார்.

"டாக்டரம்மா, இந்த ஊசி போட்டா அது திரும்ப வராதுல்ல?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல ஆன்டி. இவர் உடம்பால எடுத்துக்க முடியாததை நாம குடுக்கிறோம். அவ்வளவுதான்."

"அப்ப எதைத் தின்னா வராது? அதையாவது சொல்லு. கறி ஆகுமா, ஆகாதா?"

"இதைச் சாப்பிட்டா கண்டிப்பா வராதுன்னு ஒரு சாப்பாடு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா பொய்யாயிடும். காய்கறி நல்லது. கருவாடும் உப்பும் குறைவா இருக்கட்டும், அது வயித்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. மத்தபடி கறி, மீனு, பருப்பு, எது ஒத்துக்குதோ கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடட்டும். சாப்பாட்டைப் பாத்துப் பயப்பட வேணாம்."

நாத்தனார் தலையாட்டினார். அது முழுதாகத் திருப்தியான பதில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கோ அதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அடுத்த வேளைச் சாப்பாட்டை அவருக்கு எடுத்து வைத்தபோது, இது யாருக்குப் போகிறது என்ற கேள்வி என் மனதில் எழவில்லை. பவுடர் டப்பாவில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டேன். அலமாரியில் அந்தத் தட்டு காலியானதும் மகள் அங்கே தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டாள்.

அது திரும்ப வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சரியான நேரத்தில் வெட்டி எடுத்ததாலாக இருக்கலாம். தொண்ணூறுகளில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், மகளுக்குக் கல்யாணம் செய்தோம், மாதந்தோறும் அந்தச் சிவப்பு ஊசி தவறாமல் தொடர்ந்தது.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது அந்த முதல் மாதாந்திர ஊசி நாள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் மூவரும் நின்றோம். நாத்தனாருக்குக் கிள்ளான் பஸ் முதலில் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, "அடுத்த மாசம் ஊசிக்கு நானும் வரேன்," என்றார்.

"நீ எதுக்குக்கா? இனி நாங்களே போய்க்குவோம்," என்றார் என் கணவர்.

"உனக்காக யாருடா வர்றா? அந்தப் பொண்ணுகிட்ட என் முழங்காலைக் காட்டணும்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே ஏறிக்கொண்டார்.